ஐந்து வார்த்தைகள் போதும்



நெடிய சொற்களுக்குள் ஒரு நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. "ஆராதனை பரிசமாப்தியடைந்த அநந்தரம் சபையார் யாவருக்கும் தேநீர் விநியோகம் அனுஷ்டிக்கப்படும்" என்று அறிவித்துப் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்பதே செய்தி. கேட்டவர்களில் பாதிப்பேர், ஏதோ உபவாசம் போலும் என்றெண்ணி வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்!

இந்த வேடிக்கையை நன்கறிந்தவர் வீரமாமுனிவர். 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியத்தைப் பாடியவர். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தவர். அருஞ்சொற்களுக்கு அவரிடம் பஞ்சமில்லை. ஆயினும் பரமார்த்த குருவின் கதையை எளிய உரைநடையிலேயே எழுதினார். பரமார்த்தம் என்றால் மேலான மெய்ப்பொருள். அத்தனை பெரிய பெயரைச் சுமந்த குருவோ, ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்த்துவரக் கொள்ளிக்கட்டையோடு சீடனை அனுப்புகிறார். பெயரின் உயரத்திற்கும் அறிவின் தாழ்வுக்கும் நடுவே நம் சிரிப்பு பிறக்கிறது.

ஆனால் இதே இடைவெளி ஜெபத்திற்குள் நுழையும்போது சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வாரம் முழுவதும் மரவள்ளிக் காட்டில் களைவெட்டும் தாய்மார்களை, சபையில் ஜெபிக்கும்படி அழைத்தால், "ஐயா, எனக்கு அந்த வார்த்தையெல்லாம் வராது" என்று தலைகுனிகிறார்கள். பிள்ளையின் காய்ச்சலுக்காக இரவெல்லாம் தேவனோடு பேசியவர்களுக்கா வார்த்தை வராது? ஜெபத்திற்கென்று தனிமொழி உண்டு என்ற எண்ணத்தைப் பிரசங்கபீடமே விதைத்திருக்கிறது என்பது என் கருத்து.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இருவர் தேவாலயத்திற்குப் போகிறார்கள். பரிசேயன் தன் சிறப்புகளை அடுக்கிக்கொண்டே போகிறான். ஆயக்காரனின் ஜெபமோ ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் ஆயக்காரனே. நம் ஆண்டவரும் பரலோக ராஜ்யத்தை விதை, வலை, புளித்த மா என்று வீட்டுச் சொற்களிலேயே விளக்கினார்.

அப்படியானால் வேதத்தின் ஆழ்ந்த சொற்களைத் தள்ளிவிடலாமா? கூடாது. ரோமர் 3:25-இல் வரும் கிருபாதாரபலி என்னும் சொல்லில் சுவிசேஷம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் பாவத்திற்குரிய பலியைத் தேவன் நம்மிடம் கேளாமல், தம் குமாரனையே பலியாகத் தந்தார் என்பது அதன் பொருள். மரவள்ளிக் கிழங்கை மண்ணும் தோலுமாக யாரும் இலையில் வைப்பதில்லை. தோலுரித்து, வேகவைத்தே பரிமாறுகிறோம். பிரசங்கியாரின் வேலையும் அதுவே. அவர் உரிக்காமல் வைத்துவிட்டால், "ஐயா, இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பது உங்கள் உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைப் பேசுவதிலும், பிறருக்கு விளங்கும்படி ஐந்து வார்த்தைகளைப் பேசுவதே தனக்கு விருப்பம் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 14:19). கல்வியில் தேறிய பவுலுக்கே ஐந்து போதுமென்றால், நமக்கு எத்தனை வேண்டும்?

இந்த வாரம் வீட்டு ஜெபத்தில், இதுவரை வாய் திறவாத ஒருவரை ஜெபிக்கச் சொல்லுங்கள். அடுப்படியில் பேசும் தமிழிலேயே அவர் பேசட்டும், திருத்தாதிருங்கள். பரலோகத்தில் அகராதி பார்த்து ஜெபம் கேட்பதில்லை.

கர்த்தர்தாமே உங்கள் எளிய விண்ணப்பங்களைக் கேட்டருள்வாராக. ஆமென்.