தாய்ப்பால் கூடியது, சாப்பாடு குறைந்தது: 6 மாதத்துக்குப் பிறகு குழந்தையின் தட்டில் என்ன இருக்கு?

எந்த ஊர் பெட்டிக்கடையாக இருந்தாலும் சரி, வாசலில் சரம் சரமாகத் தொங்குவது 5 ரூபாய் பாக்கெட்டுகள்தான். சிப்ஸ், வீல், க்ரீம் பிஸ்கட். இடுப்பில் இருக்கும் குழந்தையின் கையும் நேராக அங்கேதான் நீளும். இன்னும் தாய்ப்பால் மறக்காத வயசு அது.

"அம்மாக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதான் இப்படி" என்று சொல்லிவிட்டுப் போவது ஈஸி. ஆனால் அரசின் சொந்தக் கணக்கெடுப்பைப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கு.

கணக்கு என்ன சொல்லுது?

தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் 2015-16ல் 48.3 சதவீதம். அடுத்த ஆய்வில், அதாவது 2019-21ல், இது 55.1 சதவீதமாக உயர்ந்தது. நல்ல விஷயம்தான்.

இப்போது அடுத்த வரி. 6 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைகளில், போதுமான உணவு கிடைப்பவர்கள் சுமார் 31 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாக இறங்கிவிட்டார்கள். கிட்டத்தட்ட பாதி! இங்கே 'போதுமான உணவு' என்றால் வயிறு நிறைவது மட்டும் இல்லை. தானியம், பருப்பு, முட்டை, காய்கறி என குறைந்தது 4 வகை உணவு, அதுவும் தேவையான தடவை கிடைக்க வேண்டும். அதே காலத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை 50.7 சதவீதத்தில் இருந்து 57.4 சதவீதமாக ஏறியது.

இரண்டாவது ஆய்வின் ஒரு பகுதி கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டது. அதனால் மொத்தப் பழியையும் பாக்கெட் மேல் போட முடியாது. ஆனாலும் தாய்ப்பால் விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட அதே அம்மாக்கள், 6 மாதம் தாண்டியதும் எங்கே தடுமாறுகிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வேலைக்குப் போகணுமே!

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அங்கே நர்ஸ் இருக்கிறார், பக்கத்திலேயே இருந்து சொல்லிக் கொடுக்கிறார். 6 மாதத்துக்கு அப்புறம் வீட்டில் யார் இருக்கிறார்?

தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். முறைசார்ந்த தனியார் நிறுவனங்களில் 26 வாரம். வீட்டு வேலைக்கும், சித்தாள் வேலைக்கும், களையெடுக்கவும் போகிற பெண்ணுக்கு விடுப்பு என்ற பேச்சே கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் கிடைக்கும். கர்ப்ப காலத்திலேயே தொடங்கி தவணையாக வரும் அந்தப் பணம், கூலியை விட்டுவிட்டு ஒரு வருஷம் வீட்டில் உட்காரப் போதுமா?

ஆக, குழந்தை பாட்டியிடமோ, ஏழெட்டு வயசு அக்காவிடமோ இருக்கும். பருப்பு வேக வைத்து, மசித்து, ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். பாக்கெட்டைக் கிழிக்க ஒரு நொடி. குழந்தையும் அழுகையை நிறுத்திவிடும். டீயில் பிஸ்கட்டைத் தொட்டுக் கொடுப்பதும் இப்படித்தான் பழக்கமாகிறது.

சிக்கல் என்னன்னா, ஒரு வயசுக் குழந்தையின் வயிறு ரொம்பச் சின்னது. மைதா, சர்க்கரை, பாமாயில் உள்ளே போய்விட்டால் முட்டைக்கும் கீரைக்கும் இடமே இருக்காது. டீயோ, உணவில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேர விடாது. இதில் ஒரு வேடிக்கை, மேலே சொன்ன ஆய்வின் கேள்வித்தாளில் பிஸ்கட்டும் இட்லி, சோறு மாதிரி 'தானிய உணவு' கணக்கில்தான் வருகிறது.

சட்டம் இருக்கே?

இருக்கு. 1992ல் வந்து, 2003ல் திருத்தப்பட்ட குழந்தை பால் மாற்றுப் பொருட்கள் சட்டப்படி, 2 வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், பால் பாட்டில், குழந்தை உணவு எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவச சாம்பிளும் கொடுக்கக் கூடாது. உலக அளவில் பார்த்தாலும் கறாரான சட்டம்தான்.

ஆனால் 'குழந்தை உணவு' என்று சொல்லி விற்கும் பொருளுக்குத்தான் இது பொருந்தும். பிஸ்கட்டும் சிப்ஸும் அப்படி விற்கப்படுவதில்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தான் விற்கிறார்கள். அதனால் கார்ட்டூன் படம் போடலாம், உள்ளே பொம்மை வைக்கலாம், டிவியில் விளம்பரமும் செய்யலாம். நிஜத்தில் சாப்பிடுவது ஒன்றரை வயசுக் குழந்தையாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் படாது.

2024 ஏப்ரலில் செரிலாக் சர்ச்சை வெடித்தது நினைவிருக்கலாம். இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்கு சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சேர்ப்பதில்லை என்று சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு சொன்னது. 5 வருடத்தில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்திருப்பதாக நெஸ்லே பதில் சொன்னது. அந்த ஆண்டே சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது சில நூறு ரூபாய் கொடுத்து பெட்டி வாங்குகிற வீட்டின் பிரச்சினை. 5 ரூபாய் பாக்கெட் வாங்கும் வீட்டுக்காக அந்த அளவுக்கு யாரும் சத்தம் போடவில்லை.

அங்கன்வாடியில் என்ன கிடைக்கும்?

6 மாதம் முடிந்த குழந்தைக்கு சத்துமாவு இலவசம். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்த மாவு அது. 2 வயது முதல் வாரத்துக்கு 3 முட்டை. கவனித்தால், ஆய்வில் சறுக்கல் தெரிவது 2 வயதுக்குள். அந்த நேரத்தில் வீட்டுக்கு வருவது முக்கியமாக மாவுதான், அதையும் கிளறி ஊட்ட ஒரு ஆள் வேண்டும். அது இல்லாத வீட்டில் சத்துமாவு பெரியவர்களுக்கு உருண்டையாகவோ கஞ்சியாகவோ போய்விடுகிறது.

வேலைக்குப் போகும் வீடுகளில் செய்ய முடிந்தது இது: காலையில் சோறு வைக்கும்போதே ஒரு முட்டையையும் வேகப் போட்டு பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். முட்டை விலை ஒரு சிப்ஸ் பாக்கெட்டை விட ஒன்றிரண்டு ரூபாய்தான் அதிகம். வாழைப்பழத்துக்கு அடுப்பே வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் தாய்ப்பாலைத் தொடரலாம், 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. குழந்தையின் பெயர் இன்னும் அங்கன்வாடியில் பதியவில்லை என்றால் பக்கத்து மையத்துக்குப் போய் பதியலாம், கட்டணம் கிடையாது.