சிசி பெருத்தால் பரக்கத் பெருகாது



கொஞ்சம் நீளமான பதிவு. கெப் வாங்கும் யோசனையில் இருக்கும் தம்பிமாரும் நானாமாரும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கடைசிவரை வாசியுங்கள். கொடுத்த பிறகு வாசித்தால் எங்கள் மேல்தான் கோபம் வரும்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடப் பசி. அன்றிலிருந்து கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் புல்மோட்டையிலும் தேநீர்க் கடைக்குப் போனால் கெப் கதைதான். முதல் கேள்வி: "எத்தனை சிசி?" இரண்டாவது கேள்வி: "லீசிங் எவ்வளவு?" மூன்றாவதாக ஒரு கேள்வி வர வேண்டும். "எதை ஏற்றப் போகிறீர்கள், எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்?" அதை யாரும் கேட்பதில்லை. விற்பவர் கேட்க மாட்டார், அது அவருடைய வேலை இல்லை. வாங்குகிற நாமாவது நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

2.8, 3.0 என்று பின்கதவில் ஒட்டியிருக்கும் இலக்கத்தை ஆண்மையின் அளவுகோலாக வைத்திருக்கிறோம். கல்யாணப் பேச்சில்கூட மாப்பிள்ளையின் தொழிலைக் கேட்டதும் அடுத்ததாக அவருடைய கெப்பைக் கேட்கிறார்கள். 1.9 என்று சொன்னால் முகம் சுருங்குகிறது. இந்த மடமையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

முதலில் சிசி என்றால் என்ன? எஞ்சினுடைய சிலிண்டர்களில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் இடத்தின் கனவளவு. அவ்வளவுதான். அது பானையின் அளவு, உள்ளே வேகும் சோற்றின் அளவு அல்ல. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிக்கிறோம்: வேலை செய்யப்படும் வீதமே வலு. பரீட்சைத் தாளில் பிள்ளை சரியாக எழுதுகிறது. பிள்ளையின் வாப்பா ஷோரூமில் போய் பிழையாக எழுதிவிட்டு வருகிறார்.

உதாரணத்தைப் பாருங்கள். நம் ஊரில் ஒரு காலம் முழுவதும் உழைத்த பழைய டொயோட்டா 3எல் டீசல் எஞ்சின் 2,779 சிசி. டர்போ இல்லை. அதன் வலு சுமார் 90 குதிரைவலு, மெக்கானிக்மார் டோர்க் என்று சொல்லும் முறுக்கு விசை சுமார் 190 நியூட்டன் மீற்றர். இசுசு டி-மேக்ஸின் 1.9 எஞ்சின் 1,898 சிசி. அதன் வலு 150 குதிரைவலு, முறுக்கு விசை 350 நியூட்டன் மீற்றர், அதுவும் 1,800 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. சிசி மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, இழுக்கும் பலம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கிறது. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவும், மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தூவும் கொமன் ரெயிலும் செய்த வேலை அது. "சின்ன எஞ்சின் இழுக்காது" என்பது வாப்பா காலத்துக் கணக்கு. வாப்பாமார் அவர்கள் காலத்துக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். நாம்தான் அந்தக் கணக்கை இன்றைக்கும் காவித் திரிகிறோம்.

இனி, நமக்கு எவ்வளவு தேவை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெப் இரண்டு தொன், சுமை ஒரு தொன், மொத்தம் மூன்று தொன். சமதரையில் மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுகிறது. டயர் உருளும் தடையையும் காற்றின் தடையையும் வெல்லச் சில்லுக்குத் தேவைப்படும் வலு 20 குதிரைவலுவைக்கூடத் தொடாது. அதே மூன்று தொன்னை பத்துக்கு ஒன்று என்ற கடும் ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஏற்றினாலும் 50 குதிரைவலு அளவில்தான் வேண்டும். உங்களிடம் இருப்பது 150. மீதி நூறும் எதற்கு என்று கேட்க வேண்டிய இடத்தில், "204 இல்லையா?" என்று கேட்கிறோம்.

அதுவும் நம் மாவட்டத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது? கொட்பேயில் மீன் ஏற்றினால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை. நெல் ஏற்றினால் கந்தளாய்க் குளத்தின் கீழிருந்து ஆலைக்கு. மூதூர்ப் பக்கம் போனால் கங்கை, இறால்குழி, உப்பாறு. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 2011இல் மட்டக்களப்பு வீதிப் பாலங்களும் திறந்தன. அதற்கு முன் லொறிகள் பாதைக்காகக் காத்துக் கிடந்தது மறந்திருக்காது. இன்றைக்குப் பாதையும் இல்லை, மலையும் இல்லை. தட்டையான நாடு, நேரான தார் வீதி. மிஞ்சிப்போனால் பாலத்தின் ஏற்றம் ஒன்று. அதற்கு 3,000 சிசியா?

"நாங்கள் நுவரெலியாவுக்கு மரக்கறி எடுக்கப் போகிறோம், வாரத்துக்கு மூன்று தடவை" என்று ஒருவர் சொன்னால் அது நியாயம். "தோணியை ட்ரெய்லரில் இழுத்துத் திரிகிறோம்" என்றால் அதுவும் நியாயம். அவர்கள் பெரியதை எடுக்கட்டும். சுமையோடு நாள் முழுக்க ஏறுகிறவனுக்கும் பாரம் இழுக்கிறவனுக்கும் பெரிய எஞ்சின் சோர்வில்லாமல் ஓடும். எங்கள் வழக்கு அவர்களோடு அல்ல. வருடத்தில் ஒருமுறை பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போவதைக் காட்டி 364 நாளுக்கும் பெரிய எஞ்சினுக்கு டீசல் ஊற்றுகிறவர்களோடுதான்.

கடற்கரை மணலில் இறங்க வேண்டும் என்பார்கள். மணலில் வாகனம் புதைவது எஞ்சின் போதாமல் அல்ல. டயருக்குப் பிடி இல்லாமல்தான் புதைகிறது. அங்கே பெரிய எஞ்சினை முறுக்கினால் குழிதான் பெரிதாகும். வேண்டியது நான்கு சில்லு இழுவையும், பொருத்தமான டயரும், இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறைக்கும் புத்தியும்.

இப்போது காசுக்கு வருவோம். மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு மீன் வியாபாரி என்று வைப்போம். ஒரு வாகனம் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், மற்றது 10 என்று வைப்போம். முதலாவதுக்கு 333 லீற்றர், இரண்டாவதுக்கு 400 லீற்றர். வித்தியாசம் 67 லீற்றர். டீசல் 300 ரூபா என்றால் மாதம் 20,000 ரூபா. வருடம் 240,000. ஐந்து வருட லீசிங் முடியும்போது 12 லட்சம். வாங்கும்போது கொடுத்த மேலதிக விலையும் அதற்கு ஏறிய வட்டியும் இந்தக் கணக்கில் இல்லை. வட்டியைப் பற்றி நாம் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. தேவைக்குக் கடன் படுவதே பெரிய சோதனை. பெருமைக்குக் கடன் படுவதை என்னவென்று சொல்வது?

2022ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமே என்பதுதான் வேதனை. 2021 டிசம்பரில் 121 ரூபாவுக்கு விற்ற ஒட்டோ டீசல் 2022 ஜூனில் 460 ரூபா. வெள்ளையர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் நிற்கின்றன. அந்தத் தாங்கிகளின் மாவட்டத்தில் இருந்துகொண்டே பம்பு வாசலில் இரவு பகலாகக் கிடந்தோம். ஜூலையில் கியூஆர் கோட்டா வந்தது. கோட்டா வாகன வகைக்குத்தான் கொடுத்தார்கள், எஞ்சினுக்கு அல்ல. உங்களுடையது 3,000 சிசி ஆயிற்றே என்று ஒரு லீற்றர் கூட ஊற்றவில்லை. ஒரே அளவு எண்ணெயில் குறைவாகக் குடிக்கிற வாகனம் கூடத் தூரம் ஓடியது, அந்த வீட்டில் அடுப்பும் எரிந்தது. அப்படி ஒரு காலம் மறுபடி வராது என்று யாராவது எழுதித் தருவார்களா?

"பெரிய எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும்" என்பது அடுத்த வாதம். உழைப்பது சிசியால் அல்ல, பராமரிப்பால். நேரத்துக்கு ஒயில் மாற்றாதவனின் 3.0 எஞ்சின், நேரத்துக்கு மாற்றுகிறவனின் 1.9க்கு முன் கராஜ் பார்க்கும். நீண்ட ஓட்டம் ஓடி வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருகாமல், டர்போ ஆற ஒரு நிமிடம் விடுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவது பழைய 3எல் எஞ்சினோடு போகட்டும். கொமன் ரெயில் பம்பின் பாகங்களுக்கு டீசல்தான் வழவழப்பு. மண்ணெண்ணெய் அதைத் தேய்த்துவிடும், இன்ஜெக்டர் மாற்றும் செலவில் ஒரு மோட்டர் சைக்கிள் கனவு போய்விடும். அது 1.9க்கும் பொருந்தும், 2.8க்கும் பொருந்தும்.

உண்மையில் நம் கடற்கரைக் காற்றில் எஞ்சினுக்கு முன் சாகிறது செசிதான். ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பின்தட்டில் ஒழுகி, செசிக்குள் இறங்கி, உள்ளிருந்தே தின்கிறது. சிசியில் மிச்சம் பிடிக்கும் காசில் அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்புப் பூசுங்கள். ஒவ்வொரு மீன் ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள். பின்கதவில் ஒட்டிய இலக்கம் துருவைத் தடுக்காது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். சிறியது போதும் என்று நாம் சொல்வதைக் கேட்டு, பட்டாவில் மலையை ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்த டாட்டா ஏஸ் 702 சிசி, 16 குதிரைவலு, முக்கால் தொன்னுக்குச் செய்தது. சந்தைக்குள் சாமான் கொண்டுபோக அதைப்போல ஒரு வாகனம் இல்லை. அதில் ஒன்றரைத் தொன் சீமெந்து ஏற்றுவது சிக்கனம் அல்ல, கொலைக்கு ஒத்திகை. பெரிய எஞ்சின் வாங்கியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். 1.9 ஆனாலும் 3.0 ஆனாலும் இந்த வகைக் கெப் தாங்குவது ஏறத்தாழ ஒரு தொன், அதாவது 50 கிலோ உர மூட்டை இருபது. முப்பத்தைந்து ஏற்றினாலும் பெரிய எஞ்சின் இழுத்துவிடும். அந்தத் தைரியம்தான் ஆபத்து. இழுப்பது எஞ்சின், நிறுத்துவது பிரேக். பிரேக்குக்கு உங்கள் சிசி தெரியாது. பாடசாலை விடும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் கடக்கும் வீதியில் இரண்டு தொன் மணலோடு வரும் கெப்பைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

கடைசியாக "திருப்பி விற்கும்போது விலை வரும்" என்ற வாதம். விலை வருவது, வாங்குகிறவனும் நம்மைப்போலவே சிசி கேட்பதால். ஊரோடு சேர்ந்து நாமே ஊதிப் பெருக்கிய விலை அது. ஐந்து வருடம் எண்ணெயில் பன்னிரண்டு லட்சத்தை எரித்துவிட்டு, விற்கும்போது கூட வரும் சில லட்சத்தை லாபம் என்று எழுதும் கணக்கை எந்த வகுப்பில் படித்தோம்?

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். நாளாந்தம் ஏற்றும் சுமை எத்தனை கிலோ? மாதம் எத்தனை கிலோமீற்றர்? அதில் மலை எவ்வளவு, மணல் எவ்வளவு? ட்ரெய்லர் உண்டா? தொழில் நின்றுபோகும் மூன்று மாதம் தவணையைக் கட்டக் கையில் இருக்குமா? பதிலைப் பார்த்து எஞ்சினைத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு டர்போ உள்ள 1.9 அல்லது 2.4 தாராளமாகப் போதும். பலருக்கு சிங்கிள் கெப்பே போதும். ஊருக்குள் மட்டும் ஓடுகிறவருக்குப் பட்டாவே போதும்.

வாகனம் எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடுங்கள், உழைத்து முன்னேறுங்கள், நம் மீனும் நெல்லும் கொழும்பு வரை போகட்டும். ஆனால் லீசிங்காரன் வாசலில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போகும் நாளில், பின்கதவில் இருந்த இலக்கத்தைப் பார்த்து மதித்த ஒருவரும் பக்கத்தில் நிற்க மாட்டார். வீட்டில் தாயும் பிள்ளைகளும்தான் நிற்பார்கள். எஞ்சினைத் தெரிவு செய்யும்போது அவர்கள் முகத்தை நினையுங்கள்.

இதற்கு மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். "எங்களுக்குத் தெரியும் சேர்" என்று மட்டும் எழுதாமல், உங்கள் சுமை, தூரம், எண்ணெய்ச் செலவு மூன்றையும் எழுதுங்கள். கணக்கோடு வந்தால் கணக்கோடு பேசலாம்.