முதல் மீட்டர் யார் வீட்டுக்கு?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் சூடான பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க :-)

நமக்கு ஊரு வரதராஜன்பேட்டை. அரியலூர் மாவட்டத்துல ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவுல ஒரு சின்ன பேரூராட்சி. இந்த மாதிரி ஊர்கள்ல கோடை வந்தா ஆட்டோவுல மைக் கட்டி ஒரு அறிவிப்பும் வந்துடும். தண்ணியைச் சிக்கனமா புழங்குங்க, குழாயில மோட்டார் வச்சு உறிஞ்சினா பறிமுதல் பண்ணுவோம், இணைப்பைத் துண்டிப்போம்.

தப்பே இல்லை. மோட்டார் வச்சு உறிஞ்சுறவன் தெருக்கோடி வீட்டுக்காரன் வயித்துல அடிக்கிறான். ஆனா மேல்நிலைத் தொட்டியில நேத்து எத்தனை லிட்டர் ஏத்துனாங்க, அதுல எத்தனை லிட்டர் வீடு வந்து சேர்ந்துச்சு, மீதி எந்தப் பள்ளத்துல போச்சுன்னு ஒரு மைக்காவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

பொட்டி தட்டுற பொழப்புல ஒண்ணு கத்துக்கிட்டேன். சர்வர் தொங்கினா யூசரைத் திட்ட மாட்டோம், முதல்ல லாக் ஃபைலைத் திறப்போம். லாகே எழுதாத சிஸ்டத்தை வச்சுக்கிட்டு "யூசருங்க ரொம்ப யூஸ் பண்றாங்க"ன்னு சொன்னா மேனேஜர் சிரிப்பார். நம்ம ஊர் தண்ணி விநியோகம் அப்படித்தான் ஓடுது.

விதி இல்லாம இல்லை. மத்திய அரசோட 1999 குடிநீர்க் கையேட்டை எடுத்துக்கோங்க. பெருநகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத சின்ன ஊருன்னா 70 லிட்டர். அதாவது பாதிகூட கிடைக்காதவனைப் பாத்துதான் மைக் "சிக்கனம்"னு கத்துது. அதே கையேடு வழியில வீணாகுறது 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னும் சொல்லுது. 2008ல மத்திய அரசு சேவைத்தர அளவுகோல்னு ஒண்ணு போட்டுச்சு: எல்லா இணைப்புக்கும் மீட்டர், வருமானம் வராம போற தண்ணி 20 சதவீதத்துக்குள்ள. எட்டலைன்னா என்ன தண்டனை? ஒண்ணும் இல்லை. பரீட்சை வச்சாச்சு, ஃபெயிலானா என்னன்னு மட்டும் சொல்லலை.

தண்டனை எல்லாம் நமக்குத்தான். 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க. நல்ல சட்டம், நானே கை தட்டுவேன். கட்டலைன்னா வீட்டுத் தண்ணி இணைப்பைத் துண்டிப்போம்னு கெடு வச்சாங்க, ஊரே ஓடி ஓடிக் கட்டுச்சு. அதே 2003ல நிலத்தடி நீர் எடுக்குறதை முறைப்படுத்தவும் ஒரு சட்டம் நிறைவேறிச்சு. அது அமலுக்கே வராம 2013ல ரத்தாயிடுச்சு. சாமானியன் மேல பாயுற சட்டத்துக்கு மட்டும் எப்படித்தான் கால் முளைக்குதோ!

2019ல சென்னைக்கு என்ன ஆச்சுன்னு நமக்கே தெரியும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சு போய், ஓஎம்ஆர் கம்பெனிங்க வீட்லேர்ந்தே ஆணி புடுங்கச் சொன்னாங்க. ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. 2024ல நெம்மேலியில இன்னொரு கடல்நீர் ஆலை, 15 கோடி லிட்டர். சந்தோஷம். ஆனா பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் மீட்டர் கிடையாது, 2 குடம் புழங்கினாலும் 20 குடம் புழங்கினாலும் ஒரே கட்டணம். ஓட்டைப் பானையை அடைக்காம மேல மேல ஊத்துறதுக்குப் பேரு நிர்வாகமா?

கரண்டுக்கு 1999லேர்ந்து ஒழுங்குமுறை ஆணையம் இருக்கு. ஆயிரம் குறை சொல்லலாம். ஆனா கட்டணம் ஏத்தணும்னா கணக்கைக் காட்டணும், வழியில எவ்வளவு இழப்புன்னு சொல்லணும், பொதுமக்கள் எழுந்து நின்னு எதிர்த்துப் பேசலாம். தண்ணிக்கு மகாராஷ்டிராவுல 2005லயே சட்டம் போட்டு ஆணையம் வச்சாங்க. நமக்கு? குடிநீர் வடிகால் வாரியத்தையும் மெட்ரோ வாட்டரையும் உட்காரவச்சு அப்படிக் கேக்க ஒரு நாற்காலி கிடையாது.

"தனியார்கிட்ட குடுத்துட்டா சரியாயிடும்"னு ஒரு அனானி வருவார். அவருக்கு நம்ம திருப்பூர். பவானி ஆத்துலேர்ந்து ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர், சாயப்பட்டறைக்கு விக்கிற காசுல கடன் அடையும்னு திட்டம். பட்டறைக்காரங்க தண்ணியைச் சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க, 2011ல கோர்ட் உத்தரவால பட்டறைகளும் மூடுச்சு. எதிர்பார்த்த விற்பனை இல்லை, கம்பெனி திணறிடுச்சு. லிட்டர் கணக்குல வித்தாத்தான் சம்பளம்னா, ஊர் தண்ணியை மிச்சம் பிடிச்சா அவன் ஏன் சந்தோஷப்படப் போறான்?

அதனால வருமானத்தையும் விற்பனையையும் பிரிக்கணும். கலிஃபோர்னியாவுல 2008லேர்ந்து சில தண்ணி கம்பெனிகளுக்கு இதைப் பண்ணிப் பாத்தாங்க. எவ்வளவு வித்தாலும் ஆணையம் அனுமதிச்ச வருமானம்தான், குறைஞ்சா ஈடு கட்டுவாங்க, கூடினா திருப்பித் தரணும். இங்கிலாந்துல கசிவு இலக்கை எட்டலைன்னு 2017ல தேம்ஸ் வாட்டருக்கு 85 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம் விழுந்துச்சு. கசிஞ்சது கம்பெனி குழாய், கட்டினது கம்பெனி. நம்ம ஊர்ல கசியிறது அவங்க குழாய், சிக்கனம் நம்ம தலையில.

"வெள்ளைக்காரன் கதை நமக்கெதுக்கு"ங்கிறவங்களுக்கு கம்போடியா. போர்ல நொறுங்கின ப்னோம் பென்ல 1993ல 72 சதவீதத் தண்ணி கணக்கில்லாம போச்சு. பதினைஞ்சு வருசத்துக்குள்ள 10 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வந்தாங்க. தனியார் இல்லைங்க, அரசு நிறுவனம். தலைவரா இருந்த ஏக் சோன் சானுக்கு 2006ல மகசேசே விருது. அவர் ஆரம்பிச்சது ஏழை வீட்டுக் குழாயிலேர்ந்து இல்லை. தன் அலுவலகத்தோட ஊழல்லேர்ந்தும், பில் கட்டாத பெரிய மனுசங்ககிட்டேர்ந்தும்.

"மீட்டர்னா ஏழை என்ன பண்ணுவான்?" நியாயமான கேள்வி. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்கத் தேவையான அளவு எல்லாருக்கும் இலவசமாவோ அதுக்குப் பக்கத்துலயோ இருக்கணும். அதுக்கு மேல புழங்குறவன் படிப்படியா கூடக் கட்டட்டும். இப்போ மட்டும் என்ன வாழுது? குடம் குடமா காசு குடுத்து வாங்குறது ஏழைதானே?

நான் கேக்குறது வரிசையைத் தலைகீழா மாத்தச் சொல்லித்தான். முதல் மீட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு. அந்த எண்ணை மாசாமாசம் பேரூராட்சி அலுவலக வாசல்ல எழுதிப் போடணும். அடுத்து இழப்புக்கு ஒரு இலக்கு, தவறினா அந்தச் செலவை நம்ம கட்டணத்துல ஏத்தக் கூடாது. இதெல்லாம் நடந்த பிறகு எங்க ஆத்தா வீட்டுக்கு மீட்டர் கொண்டு வாங்க, நானே சுவத்துல ஓட்டை போட்டுத் தர்றேன்.

கும்முறவங்க வரலாம். ஆனா உங்க ஊர்த் தொட்டியில மீட்டர் இருக்கான்னு பாத்துட்டு வந்து கும்முங்க!