கைத்தொலைபேசியும் ஏட்டுப் பெட்டியும்

புதிதாகக் கைத்தொலைபேசி வாங்க எண்ணும் ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "128 ஜிகாபைட் போதுமா, 256 ஜிகாபைட் வாங்கத்தான் வேண்டுமா?" என்பதே அது. மட்டக்களப்பு நகரிலோ களுவாஞ்சிக்குடியிலோ கடைக்காரரிடம் இதனைக் கேட்டால், அவர் விலை கூடியதையே விதந்துரைப்பார். அவர் வணிகர், அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், 2022ஆம் ஆண்டில் நமது ரூபாவின் மதிப்பு வீழ்ந்த பின்னர், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு ஓர் ஆசிரியர் எளிதிற் புறந்தள்ளிவிடக் கூடியதன்று. வினா சிறிதெனினும் ஆராயத்தக்கதே.

என் கருத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன். நம்மிற் பெரும்பாலோர்க்கு 128 ஜிகாபைட் தாராளமாகப் போதும். போதவில்லையென முறையிடுவோரின் தொலைபேசியைத் திறந்து பார்த்தால், அங்கு பொலியும் பதக்கடையும் தூற்றப்படாமல் ஒரே பட்டறையிற் கிடப்பதைக் காணலாம். வேளாண்மை செய்யும் நம் நாட்டில் எந்தப் போடியாரும் அவ்வாறு செய்யமாட்டார்.

எழுத்துக்கு வேண்டிய இடம் எவ்வளவென்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று வழங்கும் ஒருங்குறிப் பதிவில் தமிழ்க் குறியொன்றுக்குப் பெரும்பாலும் 3 பைட் செல்கின்றது. 'க' 3 பைட், 'கா' 6 பைட். ஆங்கில எழுத்துக்கோ 1 பைட்டே. இந்த ஓரவஞ்சனையைப் பொறுத்துக்கொண்டு கணக்கிட்டாலும், 1,330 குறட்பாக்களும் ஏறக்குறைய 200 கிலோபைட்டில் அடங்கிவிடும். நமது தொலைபேசி எடுக்கும் சாதாரண நிழற்படமொன்று 2 முதல் 4 மெகாபைட் வரை பிடிக்கும். அஃதாவது, மதிய உணவுத் தட்டைப் படம்பிடித்த இடத்தில் வள்ளுவரைப் பதினைந்து முறை எழுதி வைக்கலாம்! ஒலிக்கும் பெரிய இடம் வேண்டுவதில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் போதும். கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்திற் கேட்கும் பாடுமீன் ஓசையை லாங் அடிகளாரின் உதவியுடன் இலங்கை வானொலி 1960களில் ஒலிபரப்பியதைப் பழையவர்கள் அறிவர். அத்தகைய ஓசையை அரை மணிநேரம் பதிவுசெய்தாலும் பத்துப் படங்களின் இடத்துக்கு மேற்செல்லாது.

இடத்தை விழுங்குவது அசையும் படமே. 1080 வரித் தெளிவில் எடுக்கும் ஒரு நிமிடப் படம், சுருக்கும் முறைக்கேற்ப 60 முதல் 130 மெகாபைட் கொள்ளும். 4கே எனப்படும் தெளிவிலோ 170 முதல் 350 மெகாபைட். அதனோடு இயங்குதளமும் செயலிகளும் ஆண்டுக்காண்டு பருத்து வருகின்றன. 2007இல் முதலாவது ஐஃபோன் வெளிவந்தபோது அதன் கொள்ளளவு 4 அல்லது 8 ஜிகாபைட். இன்று பல தொலைபேசிகளில் இயங்குதளமே அதனினும் மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. ஆதலின், 16 ஜிகாபைட் வைத்திருந்த மாணவனிடம் சிக்கனம் போதிப்பது பொருந்தாது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப் வழியே வந்தன. படுவான்கரைப் பிள்ளைகள் பலருக்குத் தாயினதோ தமையனதோ பழைய தொலைபேசியே துணை. புதிய பாடத்தைப் பெறுவதற்கு முந்திய பாடத்தை அழிக்கவேண்டியிருந்தது. உண்மையான இடப்பஞ்சம் அதுவே. ஆசிரியர்களாகிய நமக்கும் அதிற் பங்குண்டு. கையெழுத்துப் பக்கமொன்றைப் படமாக அனுப்பினால் 3 மெகாபைட். அதே பக்கத்தைத் தட்டெழுதி அனுப்பினால் 5 கிலோபைட்.

இனி, பதக்கடைக்கு வருவோம். இந்தியாவிற் கைத்தொலைபேசி வைத்திருப்போரில் மூவருக்கு ஒருவர் நாள்தோறும் இடமின்றித் திண்டாடுவதாகவும், காலை வணக்கப் படங்கள் அதற்கு ஒரு பெருங்காரணமெனவும் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் 2018 ஜனவரியில் எழுதியது. ரோசாப்பூவும் சூரியோதயமும் கலந்த அப்படங்கள் வாவிக்கரையிலும் குறைவின்றி வருகின்றன. அவை தாமாக வந்து இறங்காதபடி தொலைபேசியில் ஒரு நிலைமாற்றியை அமைத்துவிட்டாற் போதும். அதற்கு அரை நிமிடம் செல்லும், காசு செல்லாது.

இதைக் கூறியபோது இளைஞரொருவர் என்னை மறுத்தார். "ஐயா, எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து விடியவிடிய நடக்கின்றது. அதை முழுதும் எடுக்க எனக்கு இடம் வேண்டாமா?" என்றார். நேர்மையான மறுப்பு. கணக்குப் பார்த்தோம். எட்டு மணிநேரம் 480 நிமிடம். நிமிடத்துக்கு 130 மெகாபைட் எனின், 62 ஜிகாபைட்டுக்கு மேலாகும். ஒலியை மட்டும் பதிந்தால் அரை ஜிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால், கூத்தைக் காதால் மட்டும் கேட்டு என்ன பயன்? அண்ணாவியாரின் குரலும் மத்தளமும் சல்லரியும் கிடைக்கும். வட்டக்களரியில் இடப்படும் ஆட்டம் கிடைக்காது. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பாதி கால்களில் அன்றோ இருக்கின்றது! ஆகவே, அவ்விளைஞர் 256 வாங்கட்டும், நான் தடுக்கமாட்டேன். கலியாணப் பந்தியைப் பத்து நிமிடம் படம்பிடிப்பவருக்கு இச்சலுகை இல்லை.

"சென்ற ஆண்டு எடுத்த கூத்து எங்கே?" என்று அவரிடம் கேட்டேன். பழைய தொலைபேசியில் இருந்ததாம், அது பழுதாகிவிட்டதாம். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சில துண்டுகள் எஞ்சியிருந்தன. அனுப்பும்போது அச்செயலி படத்தைச் சுருக்கிவிடுவதால் ஆடுவோரின் முகமும் தெளிவாயில்லை.

கொள்ளளவைப் பற்றிய நமது விவாதம் வழுக்கிவிழும் இடம் இதுதான் என்பேன். எவ்வளவு கொள்ளும் என்று கேட்கின்றோம். எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்பதில்லை. இன்றைய தொலைபேசிகள் உள்ளிருப்பவற்றை மறைகுறியாக்கி வைக்கின்றன. அதன் திறவுகோல் அத்தொலைபேசியின் சில்லோடு பிணைந்தது. திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் ஏற்பாடு இது. ஆயின், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதையில் ஏறிக் கடக்கும்போது தொலைபேசி கைதவறி வாவியில் விழுந்து, உவர்நீர் உட்புகுந்து அதன் பலகையை அரித்துவிட்டால், நினைவகத்தை மட்டும் கழற்றியெடுத்துப் படிக்க இயலாது. 128 ஆனாலென்ன, 1,024 ஆனாலென்ன, எல்லாம் ஒரே முறையில் தண்ணீருக்குள் போகும்.

நம் முன்னோர் பனையோலையின் ஆயுள் இத்துணையென்று அறிந்தே வாழ்ந்தனர். கறையானும் ஈரமும் ஏட்டை உண்ணுமுன்னர் அதனைப் பெயர்த்தெழுதினர். ஓர் ஊர் ஏட்டை மற்றோர் ஊரார் படியெடுத்துக்கொண்டனர். அவ்வாறு பல கைகளிற் பரவியிருந்தமையாலன்றோ எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தையும், வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையையும் அச்சேற்ற முடிந்தது! 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியிலும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளிலும் இப்பகுதி மக்கள் இழந்தவற்றுள் குடும்பப் படங்களும் கொப்பிகளும் பத்திரங்களும் எத்தனை! அச்சாகிய நூல்கள் வேறிடங்களில் இருந்தமையால் எஞ்சின. ஒரே படி இருந்தவை போயின.

இணையவெளியில் இட்டுவைக்கலாமே என்பீர்கள். இடலாம். ஆனால், அது வாடகை வீடு. கூகுள் நிறுவனம் படங்களுக்கு எல்லையற்ற இலவச இடம் தந்து வந்தது. 2021 ஜூன் 1ஆந் திகதி அச்சலுகை முடிவுற்றது. இப்பொழுது 15 ஜிகாபைட்டே இலவசம். அவ்விளைஞரின் கூத்தில் நாலிலொரு பங்குகூட அங்கு கொள்ளாது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் போன்ற பொது முயற்சியோடு சேர்வது இதனினும் உறுதியானது.

ஆதலால், 256க்கும் 128க்கும் இடையிலுள்ள பணம் கையில் இருக்குமாயின், அதனைக் கொண்டு கணினியோடு இணைக்கும் வன்தட்டொன்று வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. தனியாக இயலாதெனின் நாலு ஆசிரியர் கூடி, பாடசாலை நூலகத்துக்கு ஒன்றும் அதிபர் வீட்டில் வைக்க ஒன்றுமாக இரண்டு வாங்கலாம். முதல் வேலையாக, உங்கள் ஊர் அண்ணாவியாரின் கூத்துக் கொப்பியை எடுங்கள். 120 பக்கம் இருக்குமெனக் கொள்வோம். பக்கம் பக்கமாகப் படம்பிடித்தால் 360 மெகாபைட். பின்னர் தட்டெழுதினால் அரை மெகாபைட். இரண்டும் வேண்டும், படம் கையெழுத்தைக் காட்டும், தட்டெழுத்துத் தேடுவதற்கு உதவும். ஒரு விடுமுறைக்குள் முடிந்துவிடும்.

வைகாசியில் கண்ணகையம்மன் சடங்குக்கு ஊர் திரும்பும் மாணவர்கள் இதனைத் தொடங்கலாம். கொப்பி வைத்திருக்கும் வீட்டாரிடம் முதலில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் அது சாமியறையில் இருக்கும்.