படகின் மின்னணுக் கடல் வரைபடத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டுமா? எங்கே தேவை, எங்கே வீண்?

கொச்சி: விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சி நோக்கிச் சென்ற எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், 2025 மே 25 அன்று ஆலப்புழைக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கியது. பணியாளர்கள் 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலில் இருந்த 640 கொள்கலன்களில் சில கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கரைகளில் ஒதுங்கின. கப்பல் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் தரை தட்டிக் கிடக்க, அதைச் சுற்றி 20 கடல் மைல் பரப்பில் மீன்பிடிக்க வேண்டாம் என்று கேரள அரசு அறிவித்தது. கடலடியில் கிடந்த கொள்கலன்களில் சிக்கி வலைகள் கிழிந்ததாக மீனவர்கள் முறையிட்டனர்.

எண்ணெய்க் கசிவும் இழப்பீட்டு வழக்கும் செய்திகளில் இடம்பிடித்த அளவுக்கு, இந்த விபத்து எழுப்பிய மற்றொரு கேள்வி பேசப்படவில்லை. மே 25-க்கு முன் வரைபடம் ஏற்றப்பட்ட ஒரு விசைப்படகின் கருவிக்கு, அந்த இடத்தில் கப்பல் ஒன்று கிடப்பது தெரியாது. அதன் திரையில் அங்கே வெறும் ஆழ எண்களே தெரியும். மூழ்கிய கப்பலைத் திரையில் காண வேண்டுமானால் வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தனியார் நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா கேட்கின்றன. டீசல், பனிக்கட்டி, வலை, ஆள்கூலி என்று ஏற்கெனவே நீளும் செலவுப் பட்டியலில் இதையும் சேர்ப்பதா என்பதே படகு உரிமையாளர்களின் தயக்கம்.

சந்தா எதற்கு?: பெரிய கப்பல்களுக்கு இதில் தேர்வே இல்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ், கடற்பயணத்துக்கான வரைபடங்கள் போதுமானவையாகவும் புதுப்பிக்கப்பட்டவையாகவும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. 3,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள புதிய சரக்குக் கப்பல்களில் எக்டிஸ் எனப்படும் மின்னணு வரைபடக் கருவி கட்டாயம். அதில் ஏற்றப்படுபவை அரசுகள் வெளியிடும் அதிகாரபூர்வ வரைபடங்கள். இந்தியக் கடல்களுக்கு அவற்றைத் தயாரிப்பது, கடற்படையின் கீழ் டேராடூனில் இயங்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம்.

மீன்பிடிப் படகிலும் உல்லாசப் படகிலும் இருக்கும் சார்ட் பிளாட்டர் வேறு வகை. அதில் உள்ளவை கார்மின், நேவியானிக்ஸ், சி-மேப் போன்ற வணிகப் பெயர்களில் விற்கப்படும் வரைபடங்கள். அரசுகள் அளந்த விவரங்களைப் பெருமளவு அடிப்படையாகக் கொண்டு நிறுவனங்கள் இவற்றைத் தொகுக்கின்றன. கருவியை இயக்கியதும் 'அதிகாரபூர்வ வரைபடத்துக்கு இது மாற்று அல்ல' என்ற எச்சரிக்கை திரையில் வரும். பலரும் அதைப் படிக்காமலே பொத்தானை அழுத்திக் கடந்துவிடுகிறார்கள்.

பொதுவாகக் கருவியில் பொருத்தும் அட்டையின் சந்தா முடிந்தாலும் வரைபடம் மறைந்துவிடாது. கடைசியாகப் புதுப்பித்த நாளில் அது நின்றுபோகும், அவ்வளவுதான். கைப்பேசிச் செயலிகளின் கதை வேறு. சந்தா முடிந்ததும் விரிவான வரைபடமே கிடைக்காமல் போகலாம். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'அடுத்த ஆண்டு நான் கட்டாவிட்டால் என் திரையில் என்ன மிஞ்சும்?' என்பதே.

இலவசமாகவே கிடைப்பது: புதிய ஆபத்துகள் பற்றிய தகவலை அறியச் சந்தா தேவையில்லை. 'கடலோடிகளுக்கான அறிவிப்பு' என்ற வெளியீட்டைத் தேசிய நீர்வரைவியல் அலுவலகம் 15 நாட்களுக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிடுகிறது. இடம் மாறிய மிதவை, அணைந்த கலங்கரை விளக்கம், புதிதாக மூழ்கிய கப்பல், புதிய கடலடிக் குழாய் ஆகியவை அட்சரேகை, தீர்க்கரேகையுடன் அதில் இடம்பெறும். அவசர எச்சரிக்கைகள் அதற்கும் முன்பே ஒலிபரப்பாகின்றன. வட இந்தியப் பெருங்கடலை உள்ளடக்கிய எட்டாவது கடல் எச்சரிக்கை மண்டலத்தின் ஒருங்கிணைப்பாளர் இந்தியாதான். கரையோரக் கடலுக்கு நாவ்டெக்ஸ் ஒலிபரப்பு உண்டு. அதற்கென அமைந்த ஏழு நிலையங்களில் குமரி மாவட்டத்தின் முட்டமும், கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையும் அடக்கம். கருவியை ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது.

அப்படியானால் நிறுவனங்கள் எதை விற்கின்றன? தகவலை அல்ல, அதைக் கருவி புரிந்துகொள்ளும் வடிவத்தில் ஏற்றித் தரும் வசதியைத்தான். எல்சா 3 கிடக்கும் இடத்தை அறிவிப்பில் இருந்து குறித்துக்கொண்டு, பிளாட்டரில் ஒரு புள்ளியாக எவரும் கையால் பதிய முடியும். பத்து நிமிட வேலை. ஆனால் ஆங்கிலத்தில், கடற்படைச் சுருக்கக் குறியீடுகளுடன் வரும் அறிவிப்பை 15 நாட்களுக்கு ஒருமுறை எத்தனை படகுகளில் யார் படிப்பார்கள் என்பது தனிக் கேள்வி. அந்தப் பழக்கம் இல்லாத படகுக்குச் சந்தா வீண்செலவு ஆகாது.

புதுப்பித்தாலும் தீராதவை: திருவனந்தபுரம் மாவட்டம் முதலப்பொழி மீன்பிடித் துறைமுக முகத்துவாரம் இதற்குச் சரியான உதாரணம். அங்கே அலைத் தடுப்புச் சுவர்களுக்கு இடையே மணல் சேர்ந்து, படகுகள் கவிழ்ந்து, ஆண்டுகளாக மீனவர்கள் உயிரிழந்து வருகின்றனர். 2025 ஏப்ரலில் முகத்துவாரம் மணலால் முற்றிலும் அடைபட்டது. உலகில் எந்த நிறுவனத்தின் சந்தாவும் இந்த மணலைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஒரு வாரக் கடல் கொந்தளிப்பில் ஆழம் மாறும் இடத்தில், கடந்த மாதம் புதுப்பித்த வரைபடமும் பழையதே. அங்கே தேவை தூர்வாரும் இயந்திரமும், உள்ளூர் மீனவரின் கண்ணும், ஓடும்போதே ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும்தான். மணல் திட்டுகள் ஓயாமல் இடம்மாறும் ஹூக்ளி ஆற்றில் பெரிய கப்பல்கள் வழிகாட்டி மாலுமி இல்லாமல் நுழைய அனுமதி இல்லாததும் இதனால்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. 'புதுப்பித்த வரைபடம்' என்றால் 'புதிதாக அளந்த கடல்' என்று பொருள் அல்ல. அதிகாரபூர்வ மின்னணு வரைபடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத் தரம் குறிக்கப்பட்டிருக்கும். மிக உயர்ந்த தரத்தில் இடப் பிழை சுமார் 5 மீட்டர். 'சி' தரத்தில் அதுவே 500 மீட்டர் வரை போகலாம். 500 மீட்டர் பிழையுள்ள பாறையை நேற்று புதுப்பித்த திரையில் பார்த்தாலும், பாறை வேறிடத்தில்தான் இருக்கும்.

வரைபடத்தின் அளவைக் கவனிக்காததால் நேர்ந்த விபத்துகள் நம் பெருங்கடலிலேயே உண்டு. 2014 நவம்பரில் வோல்வோ உலகப் படகுப் போட்டியில், கேப் டவுனில் இருந்து அபுதாபி நோக்கி விரைந்த வெஸ்டாஸ் விண்ட் என்ற பாய்மரப் படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே உள்ள பவளத் திட்டில் இரவில் மோதியது. திட்டு வரைபடத்தில் இருந்தது. திரையைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அது கண்ணில் படவில்லை. 2020 ஜூலையில் இந்தியக் கேப்டனின் பொறுப்பில் சென்ற வகாஷியோ கப்பல் மொரிஷியஸ் பவளப் பாறையில் ஏறி, சுமார் 1,000 டன் எண்ணெயைக் கொட்டியது. கைப்பேசி சிக்னலுக்காகக் கரையை நெருங்கியதையும், கரைக்கும் கப்பலுக்குமான தூரத்தையும் ஆழத்தையும் சரிபார்க்கப் போதிய அளவுள்ள வரைபடம் கப்பலில் இல்லாததையும் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டிலும் குறை, வரைபடம் பழையது என்பதல்ல.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டின் கடற்கரையே சாட்சி. பல பத்தாண்டுகளாக 7,516 கி.மீ. என்று பாடநூல்கள் சொன்ன இந்தியக் கடற்கரை, இப்போது 11,098 கி.மீ. ஆகியிருக்கிறது. கரை வளரவில்லை, தேசிய நீர்வரைவியல் அலுவலகத்தின் கூடுதல் விரிவான வரைபடங்களைக் கொண்டு வளைவு நெளிவுகளையும் சேர்த்து அளந்தார்கள்.

கட்டாயம் புதுப்பிக்க வேண்டிய தருணங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் கிரேட் நிகோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது; வடக்கு அந்தமானில் நிலம் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்து பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. ஒரே காலையில் அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த ஆழ எண்கள் பலவும் பொய்யாகின. அதற்கு முன் வாங்கிய அட்டையுடன் அங்கே சென்றவருக்கு வரைபடம் இல்லாமல் இருப்பதே மேலாக இருந்திருக்கும்.

யாருக்கு லாபம்?: கணக்கை இப்படிப் போடலாம். ஒரே துறைமுகத்தில் இருந்து புறப்பட்டு அன்றாடம் திரும்பும் நாட்டுப்படகுக்கு ஆண்டுச் சந்தா தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல எக்கோ சவுண்டர் வாங்குவது மேல். கொச்சியைத் தளமாகக் கொண்டு லட்சத்தீவு, குஜராத் கடல் வரை செல்லும் குமரி மாவட்டம் தூத்தூர் பகுதி ஆழ்கடல் படகுகளின் நிலை வேறு. பழக்கமில்லாத துறைமுகத்துக்குள் இரவில் நுழைய நேரும் படகுக்கு, மாறிய மிதவையும் விளக்கும் உயிர்ப் பிரச்னை. இழுவை மடி போடும் விசைப்படகுக்கோ கடலடித் தடைகளே பெரும் நட்டம். ஒரு மடி கிழிந்தால் போகும் தொகையோடு ஒப்பிட்டால் சந்தா சிறியது. ஆண்டுதோறும் கட்ட முடியாதவர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டி, இடைப்பட்ட காலத்தில் அரசு அறிவிப்புகளைப் பார்த்துக் கையால் பதியலாம். சர்வதேச எல்லைக் கோட்டுக்கு மட்டும் வணிக வரைபடத்தை நம்பக் கூடாது. பாக் நீரிணையிலும் குஜராத்திலும் அந்தக் கோட்டைத் தாண்டினால் சிறைதான்.

அரசின் பங்கும் இங்கே கேள்விக்கு உரியது. அமெரிக்காவின் நோவா அமைப்பு தன் மின்னணு வரைபடங்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்க அனுமதிக்கிறது. மக்கள் வரியில் அளந்த கடல் மக்களுக்கே என்பது அதன் நியாயம். இந்தியாவில் உள்நாட்டு நீர்வழிகளின் ஆழத் தகவல் 2018 முதல் லாடிஸ் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கடலில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் ரூ.364 கோடித் திட்டத்தைப் பிரதமர் மோடி 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கி வைத்தார். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான இக்கருவி, எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். மூழ்கிய கப்பல், இடம் மாறிய மிதவை குறித்த அறிவிப்புகளையும் தமிழ், மலையாளம், குஜராத்தி உள்ளிட்ட மொழிகளில் அதே வழியில் அனுப்பினால், சிறு படகுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சந்தா கேள்வியே எழாது.

அதுவரை சந்தா கட்ட முடிவு செய்பவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். சந்தா தொடங்கும் நாளில் இருந்தே ஓராண்டு கணக்கிடப்படும். கேரளத்தில் ஜூலை 31 வரையும், கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரையும் தடைக்காலம். படகு கரையில் நிற்கும்போது சந்தாவைத் தொடங்கினால் ஓரிரு மாதங்கள் வீணாகும். தடை முடியும் வாரத்தில் தொடங்கி, அட்டையில் ஏற்றி, புறப்படும் முன் தம் துறைமுக வாயிலின் ஆழத்தை எக்கோ சவுண்டருடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.