தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களில் பலரும் படிக்காமலே புரட்டிவிடும் வாசகம் ஒன்று அதில் உண்டு. குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்பட்ட வேண்டுகோள் அது. இந்தப் பயணியை ‘லெட்’டோ தடையோ இல்லாமல் போக விடுங்கள் என்று அதன் ஆங்கிலம் கேட்டுக்கொள்கிறது. பள்ளியில் நாம் படித்த லெட் என்றால் அனுமதிப்பது. அதை இங்கே பொருத்தினால் ‘அனுமதியோ தடையோ இல்லாமல்’ என்றாகும். வாசகம் உளறலாகிவிடும்.

இங்கே இருப்பது வேறொரு லெட். பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஒரு சொல், தடுப்பதற்கு இன்னொரு சொல் இருந்தன. ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. விடு என்பதற்கும் தடு என்பதற்கும் ஒரே சொல் என்றால் பேச்சு எப்படி நடக்கும்? தடுக்கிற லெட் மெல்ல ஒதுங்கி, பெரும்பாலும் சட்ட வாசகங்களில் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது உயிரோடு இருந்தது. தந்தையின் ஆவி அழைக்க, அதன் பின்னால் போகத் துடிக்கும் ஹாம்லெட்டை உடனிருப்பவர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னைத் தடுப்பவன் யாராக இருந்தாலும் கொன்றுவிடுவதாக அவன் மிரட்டுகிறான். அந்தத் ‘தடுப்பவன்’ இருக்கும் இடத்தில் மூலத்தில் நிற்கும் சொல் லெட். இன்றைய பொருளில் படித்தால், வழி விடுகிறவனைக் கொல்லப் போவதாக அவன் சொல்கிறான் என்றுதான் கொள்ள வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் பழக்கமில்லாத சொற்களைக் கண்டுதான் நம் மாணவர்கள் மிரள்கிறார்கள். மிரள வேண்டியது அவற்றைக் கண்டல்ல என்பது என் உறுதியான எண்ணம். தெரியாத சொல் நம்மை அகராதியிடம் அனுப்பிவைக்கும்; தெரிந்த சொல்லைப் பார்த்து யாரும் அகராதியைத் திறப்பதில்லை. சி.எஸ். லூயிஸ் 1960-இல் எழுதிய ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ நூலில், நம் மனத்தில் முந்திக்கொண்டு வந்து நிற்கும் இன்றைய பொருளுக்கு ‘ஆபத்தான பொருள்’ என்றே பெயர் வைத்தார். லெட் போல வாக்கியத்தையே குழப்பிவிடும் சொல் நல்ல சொல். அதுவாகவே எச்சரித்துவிடுகிறது. அரைகுறையாகப் பொருந்திப் போகிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம். விசுவாசத்துக்கு வராத கணவர்களையும் மனைவியர் தங்கள் ‘கான்வர்சேஷன்’ மூலமாக வென்றுவிடலாம் என்கிறது ஆங்கிலம். கான்வர்சேஷன் என்றால் உரையாடல்தானே, கணவரிடம் எடுத்துப் பேசச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விடலாம். எதுவும் இடறாது. ஆனால், அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒருவர் வாழும் விதம், நடந்துகொள்ளும் முறை என்பதே பொருள். எடுத்துப் பேசாமலே, நடத்தையால் வெல்வது பற்றிய வசனம் அது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘நடக்கை’ என்று தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் படித்தவருக்கு வசனம் தலைகீழாகிப் போகும்.

அதே பைபிளின் ஆதியாகமத்தில் கடவுள் விலங்குகளுக்குப் பசும்பூண்டுகளை ‘மீட்’டாகக் கொடுக்கிறார். மீட் அன்று பொதுவாக உணவு. நம் ஊர் இனிப்புகளை ஆங்கிலத்தில் ஸ்வீட்மீட் என்று எழுதும்போது அந்தப் பழைய மீட்டைத்தான் நாமும் எழுதுகிறோம். நைஸ், சில்லி போன்றவற்றின் கதை பலருக்கும் தெரியும். 14-ஆம் நூற்றாண்டில் நைஸ் என்று சொன்னால் முட்டாள் என்று திட்டியதாக அர்த்தம். ஒரு காலத்தில் சில்லி என்பது பாக்கியம் பெற்றவரைக் குறித்தது.

எந்தப் பொருள் எந்த ஆண்டில் புழங்கியது என்று எப்படி அறிவது? அதற்காகவே ஒரு தலைமுறையைத் தாண்டி உழைத்தார்கள். 1857-இல் லண்டன் மொழியியல் கழகத்தில் ஒரு புதிய அகராதிக்கான பேச்சு எழுந்தது; அதுதான் பின்னாளில் ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி ஆனது. 1879-இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, சொல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டாக எழுதி அனுப்பினார்கள். சீட்டின் இடது மேல் மூலையில் சொல். அடுத்து ஆண்டு, நூலாசிரியர், நூல், பக்கம். அதன் கீழே அந்தச் சொல் வரும் வாக்கியம். முதல் பகுதி 1884-இல் வந்தது, கடைசிப் பகுதி 1928-இல். அப்போது அச்சேறியிருந்த மேற்கோள்கள் 18 லட்சத்துக்கும் மேல். மர்ரே 1915-இலேயே இறந்துவிட்டார். ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் பெருமையாக நான் கருதுவது அதன் பருமனையல்ல, அந்தச் சீட்டில் எழுதச் சொன்ன ஆண்டைத்தான். மாணவர்கள் கையில் இருக்கும் அகராதிகள் ஒரு சொல்லின் பொருள்களை வயதே சொல்லாமல் வரிசையாக அடுக்கிவிடுகின்றன. 1611-இல் புழங்கியதும் நேற்று வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டு போட்ட அகராதியை நூலகத்திலாவது திறந்து காட்ட வேண்டும். புத்தகம் வெளிவந்த ஆண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்கோளை எப்படித் தேடுவது என்று ஒரு வகுப்பு எடுத்தால் போதும்.

பொருள் மாற நூற்றாண்டுகள் ஆக வேண்டும் என்பதுமில்லை. கம்ப்யூட்டர் என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதரைத்தான் குறித்தது: கணக்குப் போடுகிறவர். பிறகு சில பத்தாண்டுகளிலேயே இயந்திரத்தின் பெயராகிவிட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் 1831-இல் இந்திய நில அளவைத் துறையில் சேர்ந்தது கம்ப்யூட்டராக. 1953-இல் அமெரிக்க விமானவியல் ஆய்வு அமைப்பில் சேர்ந்த கேத்தரின் ஜான்சனும் அதே வேலையில்தான் சேர்ந்தார். 1962-இல் பூமியைச் சுற்றக் கிளம்புவதற்கு முன்னால், இயந்திரக் கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அந்த ‘கேர்ள்’ சரிபார்க்கட்டும் என்று விண்வெளி வீரர் ஜான் கிளென் கேட்டது அவரைத்தான். அப்போது கேத்தரினுக்கு வயது 43, மூன்று பெண்களுக்குத் தாய். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் காலத்தில் ஆண் குழந்தையையும் சேர்த்துக் குறித்த ‘கேர்ள்’ என்ற சொல், 1962-இல் ஒரு கணித அறிஞரை வயது பாராமல் அழைக்கப் போதுமானதாக இருந்தது. இன்று ஓர் அலுவலகத்தில் அப்படி அழைத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.