நோய்க்கும் மொய் எழுதுவோம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது மூத்தோர் வாக்கு. நோய் புகுந்த வீட்டில் கைச்செல்வமும் எத்துணை விரைவாகக் கரைகிறது என்பதை நாம் அண்மையில் அருகிருந்து கண்டோம். அதனையே இம்மாதம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் ரயில் பாதையில் ஒரு சிறு நிலையத்தில் நாம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்து வருகிறோம். நிலைய வாயிலில் தேநீர்க் கடை நடத்தி வந்த அன்பர் ஒருவர், தேனிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்தவர். முதல் வண்டிக்கு முன் அடுப்பு மூட்டுவார். கடைசி வண்டி போன பின்னரே கடை சாத்துவார். அக்கடைக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாயின. வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் விதித்தார்.

சிகிச்சைக்குச் செலவில்லை, அரசாங்கக் காப்பீட்டு அட்டை அதனைப் பார்த்துக்கொண்டது. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் நாளில் கடை இல்லை. திரும்பி வந்த மறுநாளோ அடுப்பருகே நிற்க உடலில் வலுவில்லை. மூன்று மாதத்தில் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. ஐந்தாம் மாதத்தில் பாத்திரங்கள் போயின. ஒருநாள் நம்மைக் கண்டபோது, "வைத்தியம் இலவசந்தான் தம்பி; வயிறு இலவசமில்லையே" என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

நம்மைப் போன்ற சம்பளக்காரனுக்கு நோய் வந்தால் என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு நம் கணக்கில் சேர்கிறது. மருத்துவச் சான்று தந்தால் அவ்விரண்டு நாளை ஒரு முழுச் சம்பள நாளாக மாற்றிக்கொள்ளலாம். ஆலைத் தொழிலாளிக்கு, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த ஈ.எஸ்.ஐ. ஏற்பாடு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர் நோயுற்றால், ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெறுவார். காசம், புற்று முதலான நீடித்த நோய்களுக்கு அது நூற்றுக்கு 80 ஆக உயர்ந்து, இரண்டாண்டு வரை நீளவும் கூடும். தேநீர்க் கடைக்காரருக்கும், தையற்காரருக்கும், தலையில் துணிமூட்டை சுமந்து மலையேறி விற்பவருக்கும் இத்தகைய ஏற்பாடு ஒன்றுமில்லை. முதலாளி பங்கு செலுத்த அவர்களுக்கு முதலாளி இல்லை.

இக்குறை பெரியோர் கண்ணுக்குப் படாததன்று. ஜெர்மனி 1883 இல் இயற்றிய சட்டம் நோயுற்ற தொழிலாளிக்குப் பாதிக் கூலியைப் பதின்மூன்று வாரம் வரை தந்தது; அதுவும் கூலி பெறுவோருக்கே அமைந்தது. நம் நாட்டில் அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் 2006 இல், அமைப்புசாராத் தொழிலாளர்க்கு மருத்துவமனைச் செலவோடு, குடும்பத்தில் சம்பாதிப்பவர் நோயுற்றுப் படுத்திருக்கும் நாட்களுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 15 நாள் வரை தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2008 இல் வந்த ராஷ்ட்ரிய சுவாஸ்த்ய பீமா யோஜனா 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்றது. இழந்த கூலியை ஏற்கவில்லை. 2018 இல் வந்த ஆயுஷ்மான் பாரத் அதனை 5 லட்சமாக உயர்த்தியது; கூலி அப்போதும் வெளியிலேயே நின்றது. ஆந்திரத்தில் 2019 டிசம்பரில், சிகிச்சைக்குப் பின் ஓய்விலிருப்போருக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 ரூபாய்க்கு மிகாமல் தரும் ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளி படுக்கையில் இருக்கையில் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்று ஓர் அரசு எண்ணியதற்கு அது சான்று.

இனி, நம் பகுதியில் உள்ளவற்றை அறிந்துகொள்வோம். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், முதலமடைப் பக்கத்து அன்பர்களுக்கும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு வாழ் அன்பர்களுக்கும் இவை பொது.

கேரளத்தில் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு, காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்னும் பெயரில் நடக்கிறது. அவ்வட்டையை, திட்டத்தில் சேர்ந்த பிற மாநில மருத்துவமனைகளிலும் காட்டலாம். ஆதலால் கோவைக்கோ மதுரைக்கோ செல்பவர், அங்குள்ள மருத்துவமனை திட்டத்தில் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. அட்டை இல்லாத குடும்பத்துக்கு, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மிகாவிடில், காருண்ய பெனவலண்ட் நிதி இருக்கிறது.

கைச்செலவுக்கென வரும் உதவிகள் சிறியவை. ஆயினும் விடத்தக்கன அல்ல. கேரள சமூகப் பாதுகாப்பு மிஷனின் 'சமாஸ்வாசம்' திட்டத்தில், வறுமைக் கோட்டின் கீழுள்ள டயாலிசிஸ் நோயாளிக்கு மாதம் 1,100 ரூபாய் உண்டு. காசநோய்க்கு மருந்துண்ணும் காலம் முழுதும் மத்திய அரசு தரும் ஊட்டச் செலவு, 2018 இல் மாதம் 500 ஆக இருந்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆயிற்று. புற்றுநோயாளர்க்கு வருவாய்த் துறையின் மாத உதவி உண்டு. தாலுகா அலுவலகத்தில் கேட்க வேண்டும். தையற்காரர், ஆட்டோ ஓட்டுநர் முதலானோர்க்குத் தனித்தனி நல நிதி வாரியங்கள் இருக்கின்றன. உடல் நன்றாக இருக்கும்போதே சேர்ந்து சந்தா செலுத்தி வந்தவருக்கே அவை உதவும். படுத்த பின் சேர ஓடுவதால் பயனில்லை. தமிழ்நாட்டில் சிறு நிலமும் குடியிருப்பும் உடையவர், 2011 இல் தொடங்கிய உழவர் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றித் தம் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிக.

மனு மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்குவோர் நம்மிற் பலர். 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, அரசுச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் நாம் தமிழிலேயே எழுதலாம். மறுமொழியும் தமிழில் வரவேண்டும். இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவதற்குக் கூச்சம் வேண்டாம்.

இவ்வளவும் எழுதும் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சைக்காக அந்த அன்பர் மனைவியோடு இருமுறை சென்னை சென்றார். இருமுறையும் நம் ஜன்னலில் முழுக் கட்டணம் கொடுத்துச் சீட்டு வாங்கினார். சிறுநீரக நோயாளிக்கும் துணைவருக்கும், மருத்துவமனைச் சான்று காட்டினால், தூங்கும் வகுப்பில் நூற்றுக்கு 75 பங்கு சலுகை உண்டு. புற்றுநோயாளிக்கு அவ்வகுப்பில் கட்டணமே இல்லை. இவ்விதிகள் நம் மேசை இழுப்பறையில் இருந்தன. எதற்காகப் பயணம் என்று நாம் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. சில்லறையை எண்ணிக் கொடுத்தோம். மாத உதவிக்கு மனுப் போடலாம் என்பதும் ஏழு மாதம் சென்ற பின்னரே அவருக்குத் தெரிந்தது. பத்தாண்டு காலம் அவர் கையால் தேநீர் அருந்திய நமக்கு, அவர் வீட்டு அடுப்பின் நினைவு வராமற் போயிற்று.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுவது நம் குலவழக்கம். எழுதியவர் பெயரும் தொகையும் நோட்டில் ஏறுகின்றன. நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வருகிறது. பாலக்காட்டார்க்குக் குறி போட்டுப் பணம் சேர்ப்பதும் புதிதன்று. நோய்க்கு மட்டும் ஏன் ஒரு நோட்டு இருக்கலாகாது? அகமதாபாத்தில் 1972 இல் எலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கத்தின் ஏழைப் பெண்கள், காய்கறி விற்றும் பீடி சுற்றியும் பிழைப்பவர்கள், 1992 முதல் சந்தா செலுத்திக் காப்பீடு நடத்தி வருகிறார்கள். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

கணக்கு எளிது. இருநூறு வீடுகள் மாதம் 50 ரூபாய் வீதம் தந்தால் 10,000 ரூபாய். சொந்தத் தொழில் செய்து நோயுற்ற இரு குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் தரலாம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வீட்டுக்கு வேண்டாம், அடுத்தவரும் காத்திருப்பார். பணம் வாரந்தோறும் வீட்டம்மையின் கையில் சேரவேண்டும். பெற்றவர் பெயரை மேடையிலும் இதழிலும் சொல்லக்கூடாது. அது கடனுமன்று, தர்மமுமன்று. நேற்று அவர் எழுதிய மொய், இன்று அவருக்குத் திரும்புகிறது. பணம் தர இயலாதவர், நோயாளியின் கடையை வாரத்தில் ஒருநாள் திறந்து நடத்தித் தரட்டும். கடை திறந்திருந்தால் வாடிக்கை போகாது.

அந்த அன்பரின் மனைவி இப்போது டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தாமே அடுப்பு மூட்டுகிறார். சென்ற வாரம் அவர் பழைய பற்று நோட்டைப் புரட்டிக் காட்டினார். நிலையத்தார் பலர் பெயர் அதில் இருந்தது. நம் பெயரும் இருந்தது, 340 ரூபாய். கணவர் படுத்த நாள் முதல் ஒருவரும் அதைக் கேட்டு வந்து தரவில்லை என்றார். அன்றே கொடுத்து, அவ்வரியை அடித்துவிட்டு வந்தோம்.

நேயர்களே, உங்கள் தெருக் கடையிலும் ஒரு பற்று நோட்டு இருக்கும். அக்கடை நான்கு நாள் சாத்தியிருந்தால், பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுப் படியேறிக் கேளுங்கள். மொய் நோட்டின் முதல் பக்கம் அங்கே தொடங்கட்டும்.